கரடி வீட்டுச் சட்டி

கரடி அப்பா கூரைமேல் ஏறிவிட்டார். கையில் துடைப்பம், தோளில் கயிறு, தலையில் நசுங்கிப்போன தொப்பி. அடுத்து என்ன நடக்கும் என்று கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் முதல் தடவை பார்ப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சுவரில் கட்டிய வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் நின்ற ரோசம்மாள் டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூக்கால் பேசுகிற கரடிக் குரலில் சொன்னார்: "நோன்புக்குப் பிறை பாக்கணும், மேகம் மறைக்குது. அதுக்கென்ன, மேகத்தைப் பெருக்கித் தள்ளிட்டாப் போச்சு. எனக்குத் தெரியாதா?"

"தெரியாது!" என்று கூடமே கத்தியது.

கரடி அப்பா துடைப்பத்தை ஓங்கினார், கால் வழுக்கிப் புகைபோக்கிக்குள் தலைகீழாக விழுந்தார். அந்த நேரத்துக்காகவே வேட்டிக்குப் பக்கத்தில் தாம்பாளத்தோடு காத்திருந்த நான் அதைத் தரையில் போட்டேன். டமார்! அடுப்புக்குள்ளிருந்து கரி மேகம்போலக் கிளம்பிச் சாப்பாட்டு மேசை, சட்டி, தட்டு, கரடி அம்மா, குட்டிகள், மூக்குக்கண்ணாடி போட்ட குண்டுக் கரடி எல்லாவற்றின் மேலும் படிந்தது. எங்களில் பாதிப் பேர் சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருப்பவள் மடியில் விழுந்தோம்.

இது ஐம்பத்தெட்டாம் வருஷம், பாலக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில். சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சாமியார் படம் காட்டும் மெஷினையும் மூன்று சுருள்களையும் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்று ஏதோ ஆஸ்பத்திரி கட்டுகிற படம். ஒன்று மாட்டுக்கு ஊசி போடுகிற படம். மூன்றாவது இந்தக் கரடிக் குடும்பம். ஆளே இல்லாமல் முழுக்கக் கையால் வரைந்த படம். அது எப்படி அசைகிறது என்பது எங்களுக்கு அப்போது ஜின்களின் வேலை மாதிரி இருந்தது. மெஷினின் பேசும் பெட்டி வந்தபோதே கெட்டுப்போயிருந்தது. ஆகவே கரடிகள் வாயை வாயை அசைக்கும், சத்தம் வராது. தையல் டீச்சராக இருந்த ரோசம்மாளைக் கூப்பிட்டு மதர், "நீ பக்கத்துல நின்னு பிள்ளைகளுக்கு என்ன நடக்குதுன்னு சொல்லு" என்றார்களாம். மதர் சொன்னது அவ்வளவுதான். ரோசம்மாள் டீச்சர் செய்தது வேறு.

சனிக்கிழமை மத்தியானம்தோறும் அதே சுருள். ஆனால் ஒரு வாரம் சொன்ன கதையை மறு வாரம் அவர் சொன்னதே இல்லை. நோன்புக்கு முந்தின வாரம் கரடி பிறை பார்க்க ஏறினார். கிறிஸ்துமஸ் வந்தால் அதே ஏணியில் காகித நட்சத்திரம் கட்ட ஏறுவார். தீபாவளிக்கு அதே துடைப்பம் ராக்கெட்டுக்குக் குச்சி. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை, எங்களுக்கோ வாராவாரம் புதுப்படம். கண்ணாடி போட்ட குண்டுக் கரடி ஒரு வாரம் வீட்டுக்காரம்மா, ஒரு வாரம் கணக்கு டீச்சர், ஒரு வாரம் ஊரிலிருந்து வந்து ஒரு மாசமாகியும் கிளம்பாத சொந்தக்காரி. "டீச்சர், நெஜமா அதுல என்னதான் பேசிக்குதுங்க?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "எனக்கென்னடி தெரியும், கரடி பாஷை நான் எங்க படிச்சேன்?" என்றார்.

கதை மாறினாலும் மாறாதவை சில உண்டு. அவற்றில் கை வைத்தால் நாங்கள் விடமாட்டோம். அப்பா "எனக்குத் தெரியாதா?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆபத்து வருவது சின்னக் குட்டிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், அது சொல்வதை யாரும் கேட்கக் கூடாது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒருத்தருக்கும் எலும்பு உடையக் கூடாது. குண்டுக் கரடி தட்டுகளை வீசி உடைத்து ஆங்காரமாகக் கத்தும்; அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்; கதவு படாரென்று சாத்தும். போனவர் மழையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுவார், அங்கே ஒரு தேனடை கண்ணில் படும், அதை எடுத்துக்கொண்டு விழுந்த அதே புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் வந்து குதிப்பார். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். மேசைமேல் பெரிய சட்டி. அதன் மூடியைக் கரடி அம்மா திறக்கப் போகிற நேரத்தில் ரோசம்மாள் டீச்சர் கையை உயர்த்துவார்.

"சட்டியில என்ன?"

அவரவர் வீட்டில் அன்று என்ன சமையலோ அதைக் கத்த வேண்டும். இது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை கறி தொடாமல் சுத்தபோசனம் காத்த கிறிஸ்தவப் பிள்ளைகள் "கறி! கறி!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். "வெந்தயக்குழம்பு", "கருவாடு", "பழைய சோறுதான் டீச்சர்" என்று நாலு பக்கமிருந்தும் வரும். எதைச் சொன்னாலும், "ஆமா, அதேதான், மணக்குது பாரு!" என்பார். பழைய சோறும் அந்தச் சட்டியில் மணந்தது. நான் மட்டும் அந்த வருஷம் முழுக்க "கீரை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் அத்தா தாஜுதீன் பெரிய கடைவீதியில் ஒரு குடைக்கடையில் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்தது அம்மாவின் அக்கா வீட்டில். பெரியம்மா பெயர் நஜ்முன்னிசா. இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர், வீடு அவர் பெயரில், சாவி அவர் இடுப்பில், கடைசிச் சொல் அவர் வாயில். அத்தாவிடம் ஒரு கெட்ட குணமும் கிடையாது, ஒன்றைத் தவிர. ரிப்பேர். கடிகாரம் நின்றால் கடைக்குக் கொண்டு போக விடமாட்டார். "எனக்குத் தெரியாதா?" என்று பிரிப்பார். திரும்பப் பூட்டும்போது இரண்டு சக்கரம் மிஞ்சும். "இது தேவையில்லாத சக்கரம், கம்பெனிக்காரன் சும்மா வச்சிருக்கான்" என்பார். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடப் போய் ராட்டினத்தையே கிணற்றுக்குள் விட்டார். ரோசம்மாள் டீச்சருக்கு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித்தான் வீடு. கரடி அப்பா அந்த வசனத்தை எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

பெரியம்மா மகள் வஹீதா அக்காவின் கல்யாணத்துக்குத் தெரு முழுக்கச் சீரியல் பல்பு. எலக்ட்ரிக்காரர் இருந்தார். அத்தா அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "ஒரு லைன் சேர்த்தா வாசல் வளைவும் எரியும், எனக்குத் தெரியாதா?" என்று ஸ்டூலில் ஏறினார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கிய அதே நொடியில் பட்டென்று ஒரு சத்தம். ஒலிபெருக்கி நின்றது; எங்கள் வீடு, எதிர்வீடு, தெருக்கோடி வரைக்கும் இருட்டு. இருட்டில் யாரோ யார்மேலோ மோதி, ஒரு தேக்சா பிரியாணி முற்றத்தில் கவிழ்ந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிக்காஹ் நடந்தது. எல்லோரும் போன பிறகு பெரியம்மா அத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "உன் கை படாம இருந்தாலே போதும் தாஜு, இந்த வீட்டுக்குப் பரக்கத்து வந்துடும்."

அத்தா தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பெரியம்மா கதவைச் சாத்தினார். மன்னார்புரத்தில் கியாசுதீன் மாமாவின் மாடி அறையில் அத்தா தங்கியிருக்கிறார் என்று மறுநாள் தெரிந்தது. அவராக வரட்டும் என்றார் பெரியம்மா. அவங்களாகக் கூப்பிடட்டும் என்றார் அத்தா. நடுவில் அம்மா. அம்மா பெயர் கமருன்னிசா. பெரியம்மாவுக்கு எதிரே அம்மா உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. நெய்ச்சோறும் கறியாணமும், அதாவது கறிக்குழம்பும், அத்தாவுக்கு உயிர். அவர் போன நாளிலிருந்து அம்மா அதைச் சமைக்கவில்லை. கேட்டால் "நெய் தீந்துபோச்சு" என்பார். கீரை, கீரை, கீரை. பெரியம்மாவும் ஒரு குறையும் சொல்லாமல் அதையே பிசைந்து சாப்பிட்டார். அவருக்கும் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா எங்கள் தெருமுனை வரைக்கும் வருவார். பக்கோடாப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

"குழாய் சொட்டுதா இன்னும்?"

"சொட்டுது அத்தா."

"வாஷர் மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலை" என்பார். கை துருதுருவென்று இருக்கும். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். வெயிலோ மழையோ, அவர் கையில் குடை இருக்கும். கடைக்கு விளம்பரம் என்று முதலாளி கொடுத்தது.

ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரோசம்மாள் டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். தாம்பாளம் போடுகிறவள் நான்தானே, என்னையும் அழைத்துப் போனார். மெஷினைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தவர் சவரிராயன் அண்ணன். டூரிங் டாக்கீஸில் மெஷின் ஓட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவர். பேச்சு குறைவு, கோபம் ஜாஸ்தி. அங்கே கரடி அப்பா கூரையில் ஏறியது ஏகாதசிக் கூட்டத்தைப் பார்க்க. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "சட்டியில என்ன?" என்றதும் "புளியோதரை! அக்காரவடிசல்!" என்று வந்தது. முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், கரடியாத்துல இன்னிக்குத் தளிகை பண்ணினது யாரு? அந்த மாமிதான் பாத்திரத்தையெல்லாம் விட்டெறிஞ்சுண்டே இருந்தாளே?" என்று கேட்டது. ரோசம்மாள் டீச்சர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "விட்டெறிஞ்ச கைதான் கண்ணு சமைச்சுச்சு. கோபம் வேற, பசி வேற" என்றார். அந்த வாண்டு யோசித்துவிட்டு, சரிதான் என்பதுபோல உட்கார்ந்துகொண்டது.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"டீச்சர், கரடி அப்பா எல்லா வாரமும் எப்படித் திரும்பி வந்துடறாரு?"

"வராட்டி அடுத்த சனிக்கிழமை யாரை வச்சுப் படம் காட்டுறதாம்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் தெருவே இருட்டானபோது அவர் வீடும்தானே இருட்டானது. அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. சிரிப்பு நின்றது. "வரைஞ்சவன் ஒருத்தன் உக்காந்து அப்படி வரைஞ்சு வச்சிருக்கான் ஆபிதா. நம்ம வீட்டு ஆளுங்கள அப்படி யாராச்சும் வரைஞ்சாத் தேவலைதான்" என்றார். அதற்குமேல் பாலம் முடியும்வரை தண்ணீரையும் மணலையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

வரைய ஆள் இல்லையென்றால் நானே வரைவது என்று தீர்மானம் செய்தேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழா வந்தது. அம்மாமார் எல்லோரும் வரலாம், முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டி இடம், கூடத்துக்குள் ஆம்பிளைகள் கிடையாது, மெஷின்கூட வராந்தாவில் நின்று வாசல் வழியாகத்தான் வெளிச்சம் அடிக்கும் என்று மதர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத பெரியம்மா, "கரடிதானே, அதுல என்ன ஹராமு வந்துச்சு?" என்று கிளம்பிவிட்டார். அத்தாவிடம் தெருமுனையில் சொன்னேன். "அம்மாவும் பெரியம்மாவும் வர்றாங்க. நான் தாம்பாளம் போடறேன். நீங்க வராந்தாவுல நின்னு பாருங்க அத்தா." அத்தா குடைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "மெஷினு எப்படி, பெல்ட்டா பல்சக்கரமா?" என்று கேட்டார். வருவார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றைக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா. இடது ஓரத்தில் கட்டிய திரைக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டிகளாகத் தெரிந்தன. பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் இடைவெளியில் மின்னியது. வாசலுக்கு வெளியே சவரிராயன் அண்ணனுக்குப் பின்னால் மடக்கிய குடையோடு அத்தா. என் உள்ளங்கை வியர்த்துத் தாம்பாளம் வழுக்கியது. பள்ளிக்கூடத்துக் கொடி கட்டக் கரடி அப்பா கூரைமேல் ஏறினார். "எனக்குத் தெரியாதா?" என்றது கரடிக் குரல். பிள்ளைகள் கத்துவதற்கு முன்பே திரைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "தெரியாது!" அம்மாமார்களெல்லாம் சிரித்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். அத்தா சிரிக்கவில்லை.

கரி படிந்தது. குண்டுக் கரடி தட்டுகளை வீசத் தொடங்கியது. அப்போது மெஷின் கடகடவென்று இழுத்தது, படம் நடுங்கியது.

"பெல்ட்டு நழுவுது" என்றது ஒரு குரல் வராந்தாவில். "கொஞ்சம் விடுங்க, எனக்குத் தெரியும்."

"கை வைக்காதீங்க பாய்! கை வைக்காதீங்கங்கறேன்!"

திரைக்குப் பின்னால், "அது யாரு குரலு?" என்றார் பெரியம்மா.

யாரும் பதில் சொல்வதற்குள் கரடி அப்பா பெட்டியோடு வெளியே போனார், கதவு படாரென்று சாத்தியது, சாத்திய கதவு சாத்தியபடியே நின்றுவிட்டது. கதவின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. அது கொப்புளம்போல ஊதி, விரிந்து, கதவையே தின்றது. பிறகு வெறும் வெள்ளை வேட்டி. வராந்தாவில் சுருள் குடல் மாதிரி சரிந்து விழுந்துகொண்டிருந்தது. மீதிப் படத்தை மெஷின் மென்று துப்பியிருந்தது. மரத்தடி, மழை, தேனடை, புகைபோக்கி, ஒன்றும் மிச்சமில்லை.

"முடிவு போச்சு" என்றார் சவரிராயன் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இனிமே இந்தப் படத்துக்கு முடிவே கிடையாது. திருப்திதானே பாய்?"

கூடத்தில் சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. "கரடி அப்பா வரமாட்டாரா டீச்சர்?" என்று ஒன்று கேட்டது. என் கையிலிருந்த தாம்பாளம் கனத்தது. அத்தாவும் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் இந்த ஒரு மத்தியானத்தில் கரடியே வீட்டுக்கு வராமல் போனால் பிறகு யார் வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் அத்தாவைப் பார்த்தேன். கல்யாணத்தன்று ஸ்டூலிலிருந்து இறங்கியபோது அவருக்கு இருந்த அதே முகம்.

"ஓடின வரைக்கும் நல்லாத்தானே இருக்கு, அதையாச்சும் மறுபடி போடலாமே" என்று அத்தா முணுமுணுப்பது கேட்டது. "கிழிஞ்சதைக் கத்திரிச்சாச்சு. இந்தப் பிடியைத் தள்ளினா..."

"அய்யோ! அது பின்னாடி ஓடுற பிடி!"

தள்ளிவிட்டார். வேட்டியில் வெளிச்சம் வந்தது. சாத்திய கதவு. சவரிராயன் அண்ணன் பிடியைப் பறிக்கப் போனது நிழலாகத் தெரிந்தது.

"சவரி, விடுங்க" என்றார் ரோசம்மாள் டீச்சர். "ஓடட்டும்."

சாத்தியிருந்த கதவு தானாகத் திறந்தது. வெளியிலிருந்து கரடி அப்பா பெட்டியோடு வந்தார். முகம் தெரியவில்லை. முதுகு. பின்னால் பின்னால் கால் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். அழுத பிள்ளைகள் வாயை மூடின. இப்படி ஒன்றை அந்தக் கூடத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை, ரோசம்மாள் டீச்சர் உட்பட. கையில் கதை கிடையாது, யோசிக்க நேரமும் கிடையாது. அவர் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.  ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணை இடுக்குவாரே, அப்படி இடுக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"அப்பா வந்துட்டாரு பிள்ளைகளா. ஏன் முதுகைக் காட்டிக்கிட்டு வர்றாரு?"

"வழி தெரியல!" என்று ஒருத்தி கத்தினாள்.

"வழியெல்லாம் நல்லாத் தெரியும். மூஞ்சியக் காட்டத்தான் வெக்கம். செஞ்சது தப்புன்னு தெரியும், அதை வாயால சொல்ல வராது. அதான், முதுகு முதல்ல வீட்டுக்குள்ள போகட்டும், மூஞ்சி அப்புறமா வந்து சேந்துக்கட்டும்னு வர்றாரு."

யாரும் சிரிக்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த தட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன, முழுத் தட்டாகிப் பறந்தன, குண்டுக் கரடியின் கைக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. உடைவதற்குத் தாம்பாளம் போடுவேன். ஒட்டுவதற்கு என்ன சத்தம் போடுவது என்று தெரியாமல் நின்றேன். குண்டுக் கரடியின் வாய் திறந்து திறந்து மூடியது.

"இந்தம்மா இப்ப என்ன பண்றாங்க தெரியுமா?" டீச்சரின் குரல் தணிந்திருந்தது. திரைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "கோபத்துல சொன்ன வார்த்தைய எல்லாம் ஒண்ணொண்ணா வாய்க்குள்ள திரும்ப எடுத்துக்கறாங்க. கஷ்டம்தான். வெளிய விடும்போது லேசா இருக்கும், உள்ள எடுக்கும்போது முள்ளு மாதிரி குத்தும். இருந்தாலும் எடுத்துக்கறாங்க பாருங்க, பெரிய மனசு."

திரைக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி கீழே இறங்கியது. துப்பட்டி முனை மேலே போனது. ஒரு கணம் கழித்து மறுபடியும் கண்ணாடி மின்னியது.

கரி எல்லோர் மேலிருந்தும் எழுந்து அடுப்புக்குள் போனது. வெள்ளை வெளேரென்று ஆனார்கள். கரடி அப்பா புகைபோக்கி வழியாகக் கூரைக்கு எழும்பினார், ஏணியில் இறங்கினார், துடைப்பத்தை மூலையில் வைத்தார். கடைசியில், அதாவது படத்தின் தொடக்கத்தில், எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் சட்டி. இத்தனை சனிக்கிழமைகளில் கதை தொடங்குவதும் அதே மேசையில்தான் என்பதை நான் கவனித்ததே இல்லை. டீச்சர் கவனித்து வைத்திருந்தாரா, அந்த நொடியில்தான் கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை உயர்த்தினார்.

"சட்டியில என்ன?"

எப்போதும் காதைப் பிளக்கும் கூடம் அன்றைக்குச் சும்மா இருந்தது. பிள்ளைகள் இன்னும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்போல. நான் வாயைத் திறந்தேன். கீரை என்று சொல்ல வரவில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லியதாகக் கிளம்பி, பாதியில் தைரியம் வந்து, கடைசியில் கிட்டத்தட்டக் கத்தலாகவே முடிந்தது.

"நெய்ச்சோறு!"

அம்மா.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வராந்தாவில் குடை கீழே விழுந்த சத்தம். 

"நெய்ச்சோறு மட்டும் ஆக்கினா ஆச்சா?" என்றார் பெரியம்மா, தன் வீட்டு அடுக்களையில் நின்று பேசுவதுபோல. "ஆணம் யாரு வைக்கிறது, கரடியா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. மதர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மணக்குது பாரு, மணக்குது பாரு!" என்றார் ரோசம்மாள் டீச்சர். சொல்லிவிட்டு வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். 

வீட்டுக்கு நடந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் துப்பட்டிக்குள் முன்னால். நான் தாம்பாளத்தோடு நடுவில். கொஞ்சம் பின்னால், வேறு எங்கோ போகிறவர் மாதிரி அத்தா. காந்தி மார்க்கெட் பக்கம் போகிற குதிரை வண்டிகளுக்காக நாங்கள் நின்றால் அவரும் நின்றார். கறிக்கடை வாசலில் பெரியம்மா நின்றார். இலைப் பொட்டலத்தை வாங்கி என் தாம்பாளத்தில் வைத்தார். தெருமுனை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அத்தா திரும்பிப் போகிற இடம் அதுதான். நான் பின்னால் பார்க்காமல் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டேன். சத்தம் நின்றது. பிறகு மறுபடி வந்தது.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். பெரியம்மா பூட்டைத் திறந்து உள்ளே போனார். அம்மா என் தாம்பாளத்திலிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வாசற்படியில் நானும், படிக்குக் கீழே அத்தாவும் நின்றோம். உள்ளே குழாய் சொட்டுவது கேட்டது. அத்தாவுக்கும் கேட்டிருக்கும், தலையை லேசாகச் சாய்த்தார்.

"ஆபிதா" என்றார் பெரியம்மா அடுக்களையிலிருந்து. "அந்தக் கதவைச் சாத்தாதே."

"கொசு வருமே பெரியம்மா."

"வர்றது வரட்டும்" என்றார். அதோடு சட்டி கழுவுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அத்தா முதல் படியில் ஏறினார். இரண்டாவது படியில் நின்றார். உள்ளே அடுக்களை விளக்கின் வெளிச்சம் கூடம் தாண்டி அவர் முகத்தில் விழுந்தது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நாலு வீடு தள்ளி ரோசம்மாள் டீச்சர் தன் வீட்டுப் பூட்டில் சாவியை வைத்தபடி, திருகாமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தா குடையைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு மெதுவாகத் தெருவைப் பார்த்துத் திரும்பினார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு கையால் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் தாம்பாளத்தைச் சத்தம் வராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அத்தாவின் வலது குதிகால், பின்னால் எங்கே நிலைப்படி என்று காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.